நாயகி மூன்று பக்கம் அழுகிறாள், வாசகர் ஏன் அழவில்லை?

பத்திரிகைக்கு வரும் சிறுகதைகளைப் படித்துத் தேர்ந்தெடுப்பது என் வேலை. அதனால் கதை எழுதுவது பற்றிய கேள்விகளும் என் மேசைக்கே வந்து சேர்கின்றன. இந்த முறை வந்தவற்றில் பல, வாசகரின் மனத்தைத் தொடுவது பற்றியும் அவரைக் கடைசிவரை படிக்க வைப்பது பற்றியும் கேட்கின்றன. சிலவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரும் இல்லை.

கேள்வி: அம்மா, என் கதையில் கணவனை இழந்த ஒரு பெண் மூன்று பக்கம் கதறி அழுகிறாள். எழுதும்போது நானே அழுதேன். படித்த என் தங்கை "ஐயோ பாவம்" என்றாள், அப்புறம் கைபேசியை எடுத்துக்கொண்டாள். எங்கே தப்பு?

பதில்: தங்கையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் அழ வேண்டியதையும் சேர்த்து உங்கள் நாயகியே அழுது தீர்த்துவிட்டாள்.

நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் படித்தேன். "இதயம் சுக்குநூறானது", "கண்ணீர் ஆறாகப் பெருகியது", "உலகமே இருண்டது", மூன்றும் ஒரே பத்தியில் வருகின்றன. அந்தக் கணவன் மட்டும் எதிலும் இல்லை. அவன் எதற்குச் சிரிப்பான், எதற்கு எரிந்து விழுவான், இருவரும் கடைசியாக என்ன பேசிக்கொண்டார்கள், ஒன்றும் தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருவருக்காக எவ்வளவு நேரம்தான் அழ முடியும்? நீங்கள் அழுததில் வியப்பில்லை. உங்கள் மனத்தில் அவன் நடமாடிக்கொண்டிருக்கிறான். தாளில் இன்னும் பிறக்கவே இல்லை.

1892-ல் லிதியா அவீலவா என்ற எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில் ரஷ்யச் சிறுகதை எழுத்தாளர் செகாவ் இதைத்தான் சொன்னார். துன்பப்படுகிறவர்களைக் காட்டி வாசகரை இரங்க வைக்க நினைத்தால் எழுதுகிறவர் கொஞ்சம் குளிர்ந்து நிற்க வேண்டும், அப்போதுதான் அந்தக் குளிர்ச்சிக்கு எதிரே துயரம் எடுப்பாகத் தெரியும் என்றார். உங்கள் பாத்திரங்கள் அழுகிறார்கள், நீங்களும் கூடவே பெருமூச்சு விடுகிறீர்கள் என்று செல்லமாக ஒரு குட்டும் வைத்தார்.

அவருக்கு வெகுகாலம் முன்பே தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இதற்கு வழி காட்டியிருக்கிறது. எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்பட்டுத் தெரியும் உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்த நான்கினால் பிறக்கும் என்று அடுக்குகிறது. அழுகைக்கு உரியவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் முன் இழிவுபடுவது, வேண்டியதை இழப்பது, முன்பிருந்த நிலையிலிருந்து தளர்வது, இல்லாமல் தவிப்பது என்று விரித்துக்கொள்ளலாம். அழுகிற முகத்தை எப்படி வர்ணிப்பது என்று அந்த நூற்பா சொல்லவில்லை, எதனால் அழுகை வரும் என்று மட்டும் சொல்கிறது. எழுதுகிறவருக்கு வேண்டியது அதுதான். இன்னொன்றும் கவனியுங்கள். இழப்புக்கு முன்னால் அவமானம் வைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு வரும் துயரக் கதைகளில் பெரும்பாலானவை இரண்டாவதை மட்டுமே பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. யாராவது முதலாவதை எழுதினால் நிமிர்ந்து உட்கார்ந்து படிக்கிறேன்.

சரி, உங்கள் கதையையே எடுத்துக்கொள்வோம். எல்லாம் முடிந்து சில நாட்கள் ஆகிவிட்டன. கணவனின் பணப்பையில் தையல்காரர் கொடுத்த ரசீது ஒன்று கிடைக்கிறது. அவள் போகிறாள். தையல்காரருக்குச் செய்தி தெரியாது. சட்டையை மடித்து உறையில் போட்டபடி, "இந்தத் தடவை தோளைக் கொஞ்சம் தளர்வா வைக்கச் சொன்னார். போட்டுப் பார்த்துட்டு இன்னும் பிடிக்குதுன்னா எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்கிறார். அவள், "சொல்றேன்" என்கிறாள். மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறாள்.

இதில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஆனால் அவளுக்கும் வாசகருக்கும் தெரிந்த ஒன்று எதிரே நிற்கிறவருக்குத் தெரியாது. அந்தப் பாரத்தை வாசகரும் சேர்ந்து சுமக்க வேண்டியிருக்கிறது. கூடவே ஒரு கேள்வியும் முளைக்கிறது: ஏன் அவள் உண்மையைச் சொல்லவில்லை? சொல்ல வாய் வரவில்லையா, அல்லது உலகத்தில் ஒரே ஒரு ஆளின் மனத்திலாவது அவன் உயிரோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டாளா? வாசகரின் இரக்கமும் ஆர்வமும் ஒரே சமயத்தில் கிளம்புகின்றன. இரண்டையும் தனித்தனியாகத் தயாரித்து ஒட்ட முடியாது என்பது என் எண்ணம். இன்றைய மற்றக் கேள்விகளுக்கும் ஏறக்குறைய இதையேதான் வேறு வேறு விதமாகச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல் வரியிலேயே வாசகரைக் கட்டிப்போட வேண்டும் என்று ஒரு பயிலரங்கில் சொன்னார்கள். அதிலிருந்து எல்லாக் கதையையும் பிணத்தில்தான் தொடங்குகிறேன். ஆனாலும் கதைகள் திரும்பி வந்துகொண்டே இருக்கின்றன.

பதில்: உங்கள் கதை ஒன்று இப்படித் தொடங்குகிறது: "இரவு இரண்டு மணி. ரத்த வெள்ளத்தில் அந்த உடல் கிடந்தது." யாருடைய உடல்? தெரியாது. யாருக்கு வேண்டியவர்? தெரியாது. தெரியாதது மட்டுமே இருக்கும் இடத்தில் ஆர்வம் வருவதில்லை, கொஞ்சம் கலவரம் வரும், அதுவும் இரண்டாவது பத்தியில் ஓய்ந்துவிடும்.

ஜார்ஜ் லோவென்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1994-ல் ஆர்வத்தின் உளவியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பதை உணரும்போதுதான் ஆர்வம் பிறக்கிறது என்பது அவர் வாதம். அப்படியானால் வாசகருக்கு முதலில் கொஞ்சம் கொடுத்தாக வேண்டும். குறுக்கெழுத்துப் புதிரில் மொத்தமாகக் காலியாகக் கிடக்கும் வரிசையை எளிதில் விட்டுவிடுவோம், ஓர் எழுத்து மட்டும் விட்டுப்போன வரிசைதான் தூங்கவிடாது.

இந்தத் தொடக்கத்தைப் பாருங்கள்: "பக்கத்து வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்று கேட்டதும் அப்பா முதலில் செய்த காரியம், பின்பக்கம் போய் ஏணியை எடுத்து உள்ளே வைத்ததுதான்." இதிலும் சாவு இருக்கிறது, ரத்தம் இல்லை. ஒரு வீடு, ஓர் அப்பா, அவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, பொருந்தாத ஒரு செயல் எல்லாம் தெரிந்துவிட்டன. ஏணி எதற்கு என்பது தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா என்பதும் தெரியவில்லை. எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஏணியின் மர்மம் நாலு பக்கம் தாங்கும். அப்பாவைச் சந்தேகிக்கத் தொடங்கிவிட்ட ஒரு பிள்ளை நாவல் முழுக்கத் தாங்கும்.

ஒன்று, இப்படி ஆரம்பித்தால் கடன்பட்டுவிட்டீர்கள். மழையில் நனையக்கூடாது என்பதற்காக ஏணியை எடுத்து வைத்தார் என்று பத்தாம் பக்கத்தில் முடித்துவிட்டால், உங்கள் அடுத்த கதையை யாரும் திறக்க மாட்டார்கள்.

ஒரு தொழில் ரகசியம். கதைகளைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் வரிக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. எல்லாரும் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கித்தான் அனுப்புகிறார்கள். இரண்டாவது பத்தியைப் பார்க்கிறேன். பாதிக்கு மேற்பட்ட கதைகள் அங்கேதான் விழுகின்றன. பிணம் கிடக்கும், உடனே ஃப்ளாஷ்பேக் வந்து, நாயகன் எங்கே பிறந்தான், எத்தனை மார்க் வாங்கினான், எப்படி வேலைக்குச் சேர்ந்தான் என்று விண்ணப்பப் படிவம் போல ஓடும். மூட்டிய தீயில் தாங்களே தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

கேள்வி: முக்கியமான ரகசியத்தைக் கடைசிவரை மறைத்து வைத்து உடைப்பது நல்லதா, முன்பே சொல்லிவிடுவது நல்லதா? நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறோம்.

பதில்: நான் பெரும்பாலும் சொல்லிவிடு கட்சி.

1962-ல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ, திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக்கை நீண்ட பேட்டி எடுத்தார். அதில் ஹிட்ச்காக் சொன்ன மேசைக் குண்டு உதாரணம் திரைக்கதை படிக்கும் எல்லாருக்கும் தெரியும். சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்க்கிறவர்களுக்குக் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி. அதே காட்சியில், குண்டு ஒரு மணிக்கு வெடிக்கும் என்பது நமக்கு முன்பே தெரியும், சுவர்க் கடிகாரம் பன்னிரண்டே முக்கால் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெட்டிப் பேச்சே தாங்க முடியாததாகிவிடும். 15 நிமிடப் பதைப்பு கிடைக்கும்.

கேமரா வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே இளங்கோவடிகள் இதைச் செய்து காட்டிவிட்டார். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் கோவலன் சிலம்பை விற்கப் பொற்கொல்லனிடம் காட்டுகிறான். மன்னனிடம் சொல்லிவிட்டு வருகிறேன், இங்கேயே இருங்கள் என்று பொற்கொல்லன் கிளம்புகிறான். அரசியின் சிலம்பைத் திருடியவன் இவன்தான், பழியை இந்த வெளியூர்க்காரன் மேல் போடப் போகிறான் என்பதை இளங்கோ அந்த இடத்திலேயே நமக்குச் சொல்லிவிடுகிறார். கோவலனுக்கு மட்டும் தெரியாது.

அடுத்து நடப்பதைக் கதை எழுதுகிறவர்கள் வரிவரியாகப் படிக்க வேண்டும். காவலர்களோடு திரும்பி வரும் பொற்கொல்லன், மன்னன் ஏவலால் சிலம்பைக் காண வந்தவர்கள் இவர்கள் என்கிறான். எவ்வளவு மரியாதையான பேச்சு! உண்மை தெரிந்த நமக்கு வயிற்றைப் பிசைகிறது. உடனே வெட்டிவிடவும் இல்லை. கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் கொல்லத் தகுந்தவனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். நமக்குச் சின்ன நம்பிக்கை துளிர்க்கிறது. அதை அணைக்கப் பொற்கொல்லன் களவு நூலை எடுத்து விரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்களுக்கு எட்டுத் துணை உண்டாம். ஒவ்வொன்றாக விளக்குகிறான். நம் தவிப்பு ஏற ஏற அவன் நிதானமாகப் பாடம் நடத்துகிறான். கடைசியில் விவாதம் எதுவும் முடிவதற்குள், அறிவில்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். திருடன் யார் என்பதைக் கடைசிவரை மறைத்திருந்தால் இதில் எதுவுமே நமக்குக் கிடைத்திருக்காது. அந்த எட்டுத் துணைகளும் வெறும் தகவலாகக் கடந்துபோயிருக்கும்.

ஆகவே மறைப்பதற்கு முன்னால், இது வாசகருக்குத் தெரிந்திருந்தால் நடுவில் உள்ள பக்கங்கள் கூடுதலாகத் துடிக்குமா என்று கேட்டுப் பாருங்கள். துடிக்கும் என்றால் சொல்லிவிடுங்கள். குற்றவாளி யார் என்பதே விளையாட்டாக இருக்கும் துப்பறியும் கதை வேறு கணக்கு. அங்கே மறைக்கலாம், தடயத்தை மட்டும் வாசகர் கண்ணெதிரே வைத்திருக்க வேண்டும். இன்னொரு வகை மறைப்பு உண்டு, எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். "நான்" என்று தன் மனத்தையெல்லாம் கொட்டும் பாத்திரம், தான் செய்த கொலையை மட்டும் காரணமே இல்லாமல் கடைசிப் பக்கம்வரை நினைக்காமலே இருக்கும். அதற்குத் திருப்பம் என்று பெயர் வைத்து அனுப்புகிறார்கள்.

கேள்வி: முடிவு தெரிந்துவிட்டால் யார் படிப்பார்கள்?

பதில்: 2011-ல் கலிஃபோர்னியா சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் லெவிட், கிறிஸ்டென்ஃபெல்ட் என்ற இருவர் சிறுகதைகளை வைத்துச் சோதனை செய்தார்கள். முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு படித்தவர்கள், தெரியாமல் படித்தவர்களைவிடக் கூடுதலாக ரசித்ததாகத் தெரியவந்தது. பின்னால் வேறு சிலர் செய்த சோதனைகளில் நேர்மாறாகவும் வந்தது, அதனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன சிலப்பதிகாரமும் பதிகம் என்ற முன்னுரையிலேயே கதையைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறது. என்ன ஆகும் என்ற கேள்வி போனால், எப்படி ஆனது என்ற கேள்வி வந்து உட்காரும்.

கேள்வி: என் நாயகன் ஓய்வுபெற்ற ஆசிரியர். நேர்மையானவர், இரக்கமுள்ளவர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர். ஆனால் படித்தவர்கள் எல்லாரும் "ஒட்டவில்லை" என்கிறார்கள். நல்லவர்களைப் பற்றி எழுதவே கூடாதா?

பதில்: எழுதலாம். ஆனால் நீங்கள் அனுப்பியது பாராட்டு மடல். அவருக்கு என்ன வேண்டும் என்று முழுக் கதையிலும் ஒரு வரி இல்லையே! எதுவும் வேண்டாதவரிடம் வாசகருக்கு என்ன வேலை?

துன்பியல் நாடகத்தின் நாயகன் அப்பழுக்கில்லாதவனாக இருக்கக்கூடாது, கொடியவனாகவும் இருக்கக்கூடாது, நடுவில் நிற்கும் ஒருவன் ஏதோ பிழையால் விழ வேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். தகாத துன்பம் ஒருவருக்கு வரும்போது இரக்கமும், நம்மைப் போன்றவருக்கு வரும்போது அச்சமும் பிறக்கும் என்பது அவர் கணக்கு. உங்கள் ஆசிரியர் நம்மைப் போல இல்லை. அதுதான் சிக்கல்.

அவருக்கு ஓர் ஆசையைக் கொடுங்கள், வெளியே சொன்னால் வெட்கமாக இருக்கும்படியான ஆசையாக இருக்கட்டும். அவரிடம் படித்த ஒருவன் இன்று பெரிய ஆள். ஒரு விழாவுக்கு வருகிறான். கூட்டத்தில் தன்னைப் பார்த்து அவனாகவே எழுந்து வந்து பேச வேண்டும் என்பது அவர் ஆசை. சீக்கிரமே போய் நடைவழியை ஒட்டிய நாற்காலியைப் பிடிக்கிறார். பக்கத்தில் இருப்பவரிடம் "என் ஸ்டூடண்ட்தான்" என்று சொல்லலாமா வேண்டாமா என்று தவிக்கிறார். சொல்லியும் விடுகிறார். இப்போது அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர் சாட்சியாகிவிட்டார். மேடையிலிருந்து இறங்கி அவன் இந்தப் பக்கமாக நடந்து வருகிறான்.

பார்த்தீர்களா, அவன் நிற்பானா மாட்டானா என்று உங்களுக்கே தெரிய வேண்டும் போல இருக்கும். குண்டும் இல்லை, கத்தியும் இல்லை. ஒரு மனிதரின் மானம் இரண்டு அடி தூரத்தில் ஊசலாடுகிறது, அவ்வளவுதான். அவர் நல்லவரா என்று இந்த நிமிடத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: குழந்தை இறப்பது போல எழுதினால் கட்டாயம் அழுவார்கள்தானே?

பதில்: அழுவார்கள், உங்கள் எழுத்துக்காக அழ மாட்டார்கள். இந்த மாதம் எனக்கு வந்த கதைகளில் குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் செத்துக் கிடக்கின்றன. கொஞ்சம் விட்டுவையுங்கள்.

கேள்வி: தொடர்கதை எழுதுகிறேன். ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஆபத்தில் நிறுத்துகிறேன். முதல் சில வாரம் வரவேற்பு இருந்தது, இப்போது இல்லை.

பதில்: கதவு தட்டப்படும், அடுத்த வாரம் திறந்தால் பால்காரர். இரண்டு தடவை இப்படிச் செய்தால் மூன்றாவது தடவை உண்மையான கொலைகாரன் தட்டினாலும் வாசகர் அசைய மாட்டார். ஆபத்தில் நிறுத்துவதைவிட முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நிறுத்திப் பாருங்கள். அண்ணன் செய்த மோசடி தங்கைக்குத் தெரிந்துவிட்டது, எதிரே அதிகாரி உட்கார்ந்து "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்கிறார். தொடரும். அடுத்த வாரம் அவள் என்ன சொன்னாலும் கதை நகரும், ஏமாற்று வேலையாகத் தோன்றாது. ஒரு கேள்விக்கு விடை கொடுக்கும் அத்தியாயத்திலேயே அடுத்த கேள்வியைப் போட்டுவிடுங்கள். எல்லாக் கேள்வியையும் கடைசி வாரத்துக்குச் சேர்த்துவைத்தால், அதற்குள் வாசகருக்குக் கேள்விகளே மறந்துபோகும்.

கேள்வி: முதல் வரைவு எழுதும்போதே இதையெல்லாம் யோசிக்க வேண்டுமா? யோசித்தால் கை ஓடவில்லை.

பதில்: வேண்டாம். முதல் வரைவில் நாயகி மூன்று பக்கம் அழட்டும், ஆறு பக்கம்கூட அழட்டும். அவள் யார் என்று உங்களுக்கே அப்போதுதான் தெரியவரும். சில நாள் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, அப்புறம் பென்சிலோடு உட்காருங்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் இரண்டே குறிப்புகள் எழுதுங்கள். இந்தப் பக்கம் முடியும்போது வாசகருக்குப் புதிதாக என்ன தெரியும், எதைத் தெரிந்துகொள்ளத் துடிப்பார். இரண்டாவது குறிப்புக்கு எதுவும் தோன்றாத பக்கங்கள் அடுத்தடுத்து வந்தால் கதை அங்கே படுத்துவிட்டது. அந்தப் பக்கங்களை வெட்டலாம், அல்லது பின்னால் வரும் ஒரு செய்தியை இழுத்து முன்னால் போடலாம். பெரும்பாலும் இரண்டாவதே போதும். அதே பென்சிலால், உணர்ச்சியின் பெயரை நேரடியாகச் சொல்லும் சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள்: துயரம், வேதனை, ஏக்கம், பரவசம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதற்கான காரணம் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் சொல் தேவையில்லை. இல்லாவிட்டால் அந்தச் சொல்லால் பயனில்லை.

இது முடிந்த பிறகு ஒரே ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். உங்கள் மனம் நோகக்கூடாது என்று நினைக்காதவராகப் பார்த்துக் கொடுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். எந்த இடத்தில் கீழே வைக்கத் தோன்றியது என்று கேளுங்கள். பாதியில் நிறுத்தச் சொல்லி, அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். தப்பாகவே ஊகித்தாலும் கவலை இல்லை, ஊகிக்கிறார் என்றால் கதைக்குள் இருக்கிறார். தோளைக் குலுக்கினால் அதற்கு முந்தைய பக்கங்களில்தான் வேலை இருக்கிறது. அவர் பேசும்போது குறுக்கே புகுந்து விளக்கம் கொடுக்க வேண்டாம், அச்சில் வந்த பிறகு ஒவ்வொரு வாசகரின் பக்கத்திலும் நீங்கள் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. அவருடைய தப்பான ஊகம் உங்கள் முடிவைவிட நன்றாக இருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.